உண்ணாவிரதத்தை முடித்துவைத்தவர்

பசிக்கு எதிராக மனிதகுலம் நடத்திய போராட்டங்களின் வரலாறு என்றாவது எழுதப்படுமானால், அதில் தர்மபுரம் சந்திக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் இருக்கும். இதைச் சொன்னவர் பாராளுமன்ற உறுப்பினர் சிற்றம்பலம். சொன்ன இடம் அதே சந்தியில் போட்டிருந்த தகரப் பந்தல். சொன்ன நேரத்தில் அவருடைய மீசையில் தேங்காய்ச் சம்பல் துணுக்கொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மாதர் சங்கத் தலைவி நேசமலர் வீட்டில் இடியப்பமும் சொதியும் முடித்துக்கொண்டு நேரே உண்ணாவிரதத்துக்கு வந்திருந்தார்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது அடையாள உண்ணாவிரதம். காலைச் சாப்பாடு முடிந்தபின் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் முடிந்துவிடும். மற்ற நாட்களிலும் அந்த இடைவெளியில் ஐயா பெரிதாக ஒன்றும் சாப்பிடுவதில்லை. அன்றைக்கு அதைப் பதாகை கட்டிச் செய்தார்.

பதாகையில் "உணவில் கை வைக்காதே, மருந்தில் கை வைக்காதே" என்று எழுதியிருந்தது. எழுத்துகள் ஓரமாக ஒடுங்கி நின்றன. மிச்ச இடத்தை ஐயாவின் முகம் எடுத்துக்கொண்டது.

விடயம் இதுதான். வறிய குடும்பங்களுக்குக் கொடுத்துவந்த உலர் உணவுப் பொதியையும், சிறுநீரக நோயாளரின் சிகிச்சைக்கான ஒதுக்கீட்டையும் குறைப்பதற்குக் கொழும்பில் ஒரு பிரேரணை வந்திருந்தது. திங்கட்கிழமை வாக்கெடுப்பு. ஆனால் நல்ல காரியத்துக்கு வாக்கெடுப்பு வரை ஏன் காத்திருப்பது என்று மேலிடம் நினைத்திருக்க வேண்டும். பொதிக்குரிய சாமானும் ஆஸ்பத்திரிச் சாமானும் வருவது முன்னரே குறைந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு தடவை இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இனி ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைச் சிற்றம்பலம் எதிர்த்தார். மனதார எதிர்த்தார், அதில் சந்தேகம் வேண்டாம். பாராளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சில் குரல் இரண்டு இடங்களில் தழுதழுத்தது. மூன்றாவது இடத்தில் தழுதழுக்கத் தொடங்கியபோது நேரம் முடிந்துவிட்டதென்று ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அந்த வீடியோவைக் கனடாவிலிருந்து பார்த்தவர்கள் அழுதார்கள். தர்மபுரத்தில் பார்த்தவர்கள் டேட்டா முடிந்து பாதியில் விட்டார்கள்.

பேச்சுக்கு அடுத்தது போராட்டம். போராட்டத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் புதன்கிழமை பின்னேரம் ஐயாவின் செயலாளர் சுகிர்தன் மோட்டார்சைக்கிளை வீரையா வீட்டுப் படலையில் நிறுத்தினான்.

வீரையா அயலாருடைய வயல்களில் வேலை செய்து வந்தவர். ஐம்பதைத் தொட்டிருந்தார். சிறுநீரகம் இரண்டும் கெட்டது கிணற்றுத் தண்ணீராலா, வயலுக்கு அடித்த மருந்தாலா என்பதைப் படித்தவர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி முடியும்வரை அவர் வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இப்போது வெள்ளிக்கிழமை மட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஆஸ்பத்திரியில் அளந்து சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி கமலாட்சி காலையில் அந்த அளவைப் போத்தலில் ஊற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவாள். வீரையா வாசலில் இருந்து அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணை, ஐயா உங்களை நேரில காணவேணும் எண்டவர்," என்றான் சுகிர்தன்.

"என்னையா?"

"வெள்ளிக்கிழமை சந்தியில உண்ணாவிரதம். முடிக்கேக்க ஆரும் ஒராள் இளநி குடுத்து முடிச்சு வைக்கவேணுமெல்லே. வழமையா ஐயர்தான். அவருக்கு அண்டைக்கு ஒட்டுசுட்டானில கலியாணம். பாதிக்கப்பட்ட ஒராளின்ர கையால வாங்கிக் குடிச்சால்தான் பொருத்தம் எண்டு ஐயாவே சொன்னவர்."

ஐயா அப்படிச் சொல்லவில்லை. சுகிர்தன் சொன்னபோது வேண்டாமென்றும் சொல்லவில்லை.

குசினியிலிருந்து கமலாட்சி வெளியே வந்தாள். "வெள்ளிக்கிழமை இவருக்கு ஆஸ்பத்திரி தம்பி. இப்ப கிழமைக்கு ஒருக்காதான் போடுறாங்க. அதையும் விட்டா காலு வீங்கிரும், படுக்க ஏலாது."

"அக்கா, அதுக்குத்தானே இந்தப் போராட்டமே."

"போராட்டம் சரி தம்பி. இவரு ரெத்தம் கழுவ வேணுமே."

"முடிஞ்ச கையோட ஐயாவின்ர வாகனத்திலயே கொண்டுபோய் விடுறம். ஐயா டொக்டருக்கு ஒரு கோல் எடுத்தாரெண்டால் பின்னேரம் போடுவினம். பஸ்ஸில இடிபடுறதிலும் பாக்க நல்லம்." சுகிர்தன் குரலைத் தாழ்த்தினான். "பழையபடி கிழமைக்கு ரெண்டு தரம் எண்டதையும் ஐயா கதைச்சு எடுத்துத் தருவார். மற்றாக்களுக்கு எப்பிடியோ தெரியாது. உங்களுக்கெண்டாலும் செய்வார்."

எல்லோருக்கும் என்று சொல்லியிருந்தால் கமலாட்சி நம்பியிருக்க மாட்டாள். உங்களுக்கெண்டாலும் என்றதில் ஓர் உண்மையின் வாசம் இருந்தது. அரசியலில் அவள் கண்ட உதவிகள் எல்லாம் அந்த வழியால்தான் வந்திருந்தன.

சுகிர்தன் போனபின் வீரையா சொன்னார். "பெரிய மனுசர் ஆள் விட்டுக் கூப்புடுறாரு புள்ள. போகலன்னா நாளைக்கு ஒரு உதவிக்குப் போய் எந்த மூஞ்சியோட நிக்கிறது?"

"மூஞ்சி ஏற்கெனவே ஊதித்தான் இருக்கு," என்றாள் கமலாட்சி.

ஆனால் வியாழக்கிழமை அவருடைய வெள்ளைச் சட்டையைத் தோய்த்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பந்தலில் வீரையாவுக்கு ஐயாவின் பக்கத்துக் கதிரை. மாதர் சங்கத்துப் பெண்கள் பாயில் இருந்தார்கள். கமலாட்சிக்குப் பாயிலும் இடம் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் நின்றாள்.

ஐயா வீரையாவின் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு என்ன வருத்தம்?"

"கிட்னிங்க ஐயா."

"ஆ. கவனமா இருக்கவேணும். தண்ணியை நல்லா நிறையக் குடியுங்கோ. அதுதான் முக்கியம்."

"சரிங்க ஐயா."

பிறகு ஐயா எழுந்து பேசினார். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு உரமானவர்கள் என்றார். தாங்கள் பிறந்த மலைகளைப் பிரிந்து எங்களை நம்பி வந்த உறவுகள் என்றார். இந்த வீரையாவின் கண்களில் இன்னும் அந்த மலைகளின் பனிமூட்டம் தெரிகிறது என்றார். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் வீரையாவின் பெற்றோர். வீரையா பிறந்தது தர்மபுரத்தில். மலையை அவர் நாட்காட்டியில் பார்த்திருக்கிறார். கண்ணில் தெரிந்தது நீர் கட்டிய வீக்கம்.

"திங்கட்கிழமை வாக்கெடுப்பு," என்று ஐயா முடித்தார். "அங்கே இந்தச் சிற்றம்பலம் ஒரு தனிமனிதனாக எழுந்து நிற்க மாட்டான். வீரையாவாக எழுந்து நிற்பான்."

பாயில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வீரையாவும் தட்டினார்.

வெயில் தகரத்தில் இறங்கியது. பந்தலுக்குள் காற்றில்லை. ஐயாவுக்கு மேசை விசிறி ஒன்று வைத்திருந்தார்கள். அது திரும்பும்போது மட்டும் வீரையாவுக்கும் கொஞ்சம் காற்று வந்தது. அவருடைய நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அன்றைக்குரிய தண்ணீர்ப் போத்தல் கமலாட்சியின் பையில், ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருந்தது. எம்.பி.யின் பக்கத்தில் இருந்துகொண்டு, அதுவும் உண்ணாவிரதத்தில், மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆக, அந்தப் பந்தலில் உண்மையாக விரதம் இருந்தவர் அவர் ஒருவர்தான். அதை யாரும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை.

முடிக்கும் நேரம் வந்தது. நேசமலர் செவ்விளநீர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். உறிஞ்சிக் குடிக்கக் குழாய் போட்டிருந்தாள். படத்தில் வடிவில்லை என்று சுகிர்தன் அதை எடுத்து எறிந்தான். வீரையா இரண்டு கையாலும் இளநீரைத் தூக்கி ஐயாவின் வாயில் வைத்தார். ஐயா கண்ணை மூடிக் குடித்தார். கொஞ்சம் மீசை வழியே ஓடி, காலைச் சம்பலையும் கழுவிக்கொண்டு போனது.

அத்துடன் முடிந்திருக்கலாம். ஐயாவுக்கு அந்த நேரத்தில் மனம் இளகியது. அவர் இன்னோர் இளநீரைத் தட்டிலிருந்து எடுத்தார்.

"எனக்கு மட்டுமே? இவரெல்லே குடிக்கவேணும்," என்று வீரையாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஐயா, அப்பிடியே பிடியுங்கோ," என்றான் சுகிர்தன். மக்கள் பிரதிநிதி நோயாளிக்கு ஊட்டுகிறார். எதிர்பாராத படம்.

ஒலிபெருக்கிக்குப் பின்னாலிருந்து கமலாட்சி முன்னுக்கு வந்தாள். "ஐயா, அவருக்கு இளநி கூடாதுங்க. ஆஸ்பத்திரியில கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க."

நேசமலர் அவளுடைய கையைப் பிடித்தாள். "இளநி குளிர்மையெல்லே கமலாட்சி. அது ஆருக்கு என்ன செய்யப்போகுது? பச்சைப் பிள்ளைக்கே குடுக்கிறம். எம்.பி. ஐயா தன்ர கையால தாறார், நீ வந்து மறிக்கிறாய்."

"இல்லக்கா, அதில என்னமோ உப்பு இருக்காம்."

"இளநியில உப்போ?" நேசமலர் சிரித்தாள். பாயில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். அந்தப் பந்தலில் இருந்த எவருக்கும், படித்தவர் படியாதவர் எல்லோருக்கும், இளநீர் என்றால் மருந்து. காய்ச்சலுக்கும் இளநீர், அம்மைக்கும் இளநீர், சிறுநீர்க் கடுப்புக்கும் இளநீர். சிறுநீரகம் செத்தவனுக்கு அதுவே நஞ்சு என்பதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

வீரையா மனைவியைப் பார்த்தார். பிறகு இளநீரைப் பார்த்தார். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாரா, தாகத்தில் ஒன்றும் நினைக்கவில்லையா என்று சொல்ல முடியாது. குடித்தார். ஒரு வாய்க்கு மேல் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த கமலாட்சிக்கு, எத்தனையோ மாதமாய் அவர் வாய் நிறைய ஒன்றும் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"லைவ் போகேல்லை," என்றான் சுகிர்தன். "சிக்னல் விழுந்திட்டுது. ஐயா, இன்னொருக்கா."

இன்னொரு காயை வெட்டினார்கள். ஐயா நீட்டினார். வீரையா குடித்தார். இந்தத் தடவை ஐயாவின் முகத்தில் பந்தலின் நிழல் விழுந்துவிட்டது. வெளிச்சத்துக்கு நகர்ந்து இன்னொரு தடவை. கமலாட்சி இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் என்று சுகிர்தன் சொன்னதை நினைத்துக்கொண்டு நின்றாள். இப்போது குழப்பினால் அதுவும் போய்விடும்.

"முழுக்க முடிச்சிட்டார்," என்று ஐயா காயைக் கவிழ்த்துக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் பஸ் தரிப்பிடம் ஒன்றைத் திறந்துவைக்க ஐயா போகவேண்டியிருந்தது. வழியில் சாப்பாடு. "வாகனம் ஐயாவை விட்டிட்டு உடன வரும் அண்ணை. இதிலயே இருங்கோ," என்றான் சுகிர்தன், முன் கதவைச் சாத்திக்கொண்டு.

"டொக்டருக்குக் கோல்?" என்று கமலாட்சி கேட்டாள்.

"போற வழியில எடுக்கிறம் அக்கா."

அவர்கள் இருந்தார்கள். பந்தல்காரர் வந்து தகரத்தைக் கழற்றினார். பிறகு கதிரை வாடகைக்காரர் வந்தார். வீரையா இருந்த கதிரையைக் கேட்க அவருக்குச் சங்கடமாக இருந்ததால் மற்றவற்றை முதலில் ஏற்றினார். அதையும் கேட்டபோது வீரையா எழுந்து, "இந்தாங்க," என்று தானே எடுத்துக் கொடுத்தார். வாகனம் வரவில்லை. சுகிர்தனின் போன் அணைந்திருந்தது. கடைசியில் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் தாதி அவர்களைக் கண்டதும் கேட்டாள். "எங்க போனனீங்கள்? காலமை உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். காணேல்லை எண்டு உங்கட முறைக்கு வேற ஆளைப் போட்டாச்சு. இண்டைக்குரிய சாமானும் முடிஞ்சுது."

"எம்.பி. ஐயா கோல் எடுத்தாருங்களா?"

"ஒரு எம்.பி.யும் எடுக்கேல்லை." தாதி வீரையாவின் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "ஐயா, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்? கூடாத சாமான் ஏதும் குடிச்சனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ. அப்பிடியெண்டா டொக்டரிட்டக் கேட்டு எப்பிடியும் உடன போடவேணும்."

வீரையா கமலாட்சியைப் பார்க்காமல் சொன்னார். "இல்லைங்க. ஒன்னும் குடிக்கலைங்க."

தாதிக்கு முன்னால் புருசனைப் பொய்யனாக்கக் கமலாட்சிக்கு மனம் வரவில்லை.

"சரி. திங்கட்கிழமை விடியவே வாங்கோ, எப்பிடியாவது பாப்பம். அதுக்குள்ள நெஞ்சு ஒரு மாதிரி செய்தா நிக்கவேண்டாம், உடன வந்திடுங்கோ."

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அவள் கேட்டாள். "ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"பின்ன என்னன்னு சொல்லச் சொல்ற? எம்.பி. ஊத்திவிட்டாருன்னா? நமக்காகப் பட்டினி கெடந்தவரு. அவரைப் போய் மாட்டிவிடுறதா?"

"பட்டினி கெடந்தாரு," என்றாள் கமலாட்சி.

சனிக்கிழமை வீரையாவுக்குக் கால் மரத்துப்போனது. கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்றார். பின்னேரம் பக்கத்து வீட்டுப் பொடியன் போனில் அந்த வீடியோவைக் காட்டினான். நிறையப் பேர் பார்த்திருந்தார்கள். தன்னுடைய தொண்டை ஏறி இறங்குவதை வீரையா இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வாசலுக்கு வந்தவர், படியில் இருந்தபடியே ஒரு பக்கம் சரிந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

செய்தி ஐயாவுக்குக் கொழும்பு போகும் வழியில், பூவரசங்குளத்தில் கட்சிக்காரர் ஒருவரின் வீட்டில் வைத்துக் கிடைத்தது. சற்று நேரம் ஐயா உண்மையிலேயே கலங்கினார். பிறகு கேட்டார். "எப்ப எடுக்கினம்?"

"நாளைக்கு மத்தியானத்துக்கு முன்ன எண்டு கதை," என்றான் சுகிர்தன். "நாளைக்கு வாக்கெடுப்பு ஐயா."

"அது தெரியும்."

"எதிர்த்துப் போடுறன் எண்டு லைவில சொல்லியிருக்கு."

ஐயா யோசித்தார். "அவங்கள் எப்பிடியும் நிறைவேத்துவாங்கள். அங்க போனால் நான் ஒரு வாக்கு. இங்க நிண்டால் எத்தினை வாக்கு? வாகனத்தைத் திருப்பச் சொல்லு."

திங்கட்கிழமை செத்தவீட்டுக்குப் போனவர்கள் படலையில் முதலில் கண்டது பதாகையைத்தான். "பட்டினிச் சாவுக்கு எதிரான போராளி வீரையாவுக்கு எமது கண்ணீர் அஞ்சலி." கீழே படம். ஐயா நீட்டுகிறார், வீரையா கண்ணை மூடிக் குடிக்கிறார். கடைசித் தடவை எடுத்தது. ஐயாவின் முகத்தில் நல்ல வெளிச்சம்.

கமலாட்சி நேசமலரைக் கூப்பிட்டாள். "அக்கா, அந்தப் படத்தை மட்டும் எடுத்துருங்க."

"ஏன்? வடிவாத்தானே இருக்கு. அந்தாளின்ர முகத்தில எவ்வளவு சந்தோசம், பார்."

"எடுத்துருங்கக்கா."

"ஐயா இப்ப வந்திடுவார். அவர் போனாப்பிறகு பாப்பம்."

ஐயா வந்தார். வெள்ளை வேட்டி, மலர்வளையம், பின்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி சுகிர்தன். பெட்டிக்குத் தலைமாட்டில் நின்று அஞ்சலி உரை நிகழ்த்தினார். இந்த ஏழை உழைப்பாளியைக் கொன்றது நோயல்ல என்றார். கொன்றவர்கள் கொழும்பில் குளிர் அறைகளில் இருக்கிறார்கள் என்றார். இதில் பொய்யொன்றுமில்லை. கணக்கில் ஓர் ஆளை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"அவர் இந்த உலகத்தில் ஆசையாகக் குடித்த கடைசி இளநீர் என்னுடைய கையால் குடித்தது," என்று ஐயா சொன்னபோது குரல் தழுதழுத்தது. இங்கே ஒலிவாங்கியை நிறுத்த யாரும் இல்லை. "அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைத்தது."

பெண்கள் அழுதார்கள். கமலாட்சி அழவில்லை. ஐயா குனிந்து அவளுடைய கையைப் பிடித்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, இன்னைக்கு அங்க வாக்குப் போடுற நாளுன்னு சொன்னீங்க."

"நூறு வேலை இருந்தாலும் வீரையாவின்ர செத்தவீட்டுக்கு நான் வராமல் விடுவனே, பிள்ளை?"

"இவருக்கும் இன்னைக்குத்தான் முறை குடுத்திருந்தாங்க. விடியவே வரச் சொன்னாங்க."

ஐயாவுக்கு அது எதைப் பற்றியதென்று விளங்கவில்லை. ஆறுதலாகத் தலையை ஆட்டினார். சுகிர்தனுக்கு விளங்கியது. அவன் போனைக் கீழே இறக்கி, லைவை நிறுத்தினான்.

பெட்டியைத் தூக்கினார்கள். படலை ஒடுக்கம். பதாகையின் கயிறு குறுக்கே நின்றது. பெட்டியைக் காவியவர்கள் சற்றுக் குனிந்து, படத்துக்குக் கீழால் வீரையாவைக் கொண்டுபோனார்கள்.

பிரேரணை அன்று பின்னேரம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் சிற்றம்பலம் இல்லை. வாக்கெடுப்புக்கு மணி அடித்த நேரத்தில் அவர் நேசமலர் வீட்டில், செத்தவீட்டிலிருந்து வந்து குளிக்காமல், இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். கறி கணவாய்.